கதையும் துணுக்கும்: ‘குடீஸ்’ என்னும் பிரித்தானிய நகைச்சுவைத் தொடர்

அரசர்களின் போர்களையும் பாராளுமன்றத்தின் சட்டங்களையும் நுணுகி ஆராயும் வரலாற்றாசிரியர், ஒரு சமுதாயம் எதனைக் கண்டு நகைத்தது என்பதைப் பெரும்பாலும் ஆராய்வதில்லை. நேற்றைய நகைச்சுவை இன்று புளித்துவிடும் என்பது அவர்தம் எண்ணம் போலும். ஆயினும் தொல்காப்பியர் மெய்ப்பாடுகள் எட்டனுள் நகைக்கே முதலிடம் தந்தார் என்பதும், அது தோன்றும் நிலைக்களன்களுள் எள்ளலையும் பேதைமையையும் வைத்தார் என்பதும் தமிழ் கற்றார் நன்கறிந்தவை. ஒரு நாட்டார் தம்முள் யாரை எள்ளினர், எதனைப் பேதைமை எனக் கொண்டனர் என்பன அந்நாட்டு வரலாற்றிற்குச் சான்றுகளே. அச்சான்றுகளை எவர் காத்தனர், எவர் அழித்தனர் என்பதும் வரலாற்றின் ஒரு கூறாகும்.

இவ்வகையில் ஆராயத்தக்கது ‘நல்லவர்கள்’ என்னும் பொருள்பட ‘குடீஸ்’ எனப் பெயரிடப்பட்ட தொலைக்காட்சித் தொடர். ரிம் புறூக்-ரெயிலர், கிறேயம் கார்டன், பில் ஒடி என்னும் மூவர் நடித்த இத்தொடர் 1970 நவம்பர் 8 ஆம் நாள் பீ.பீ.சி.யின் இரண்டாம் அலைவரிசையில் தொடங்கிற்று. 1980 வரை அங்கு ஒளிபரப்பாகி, 1981 - 82 இல் இலண்டன் வீக்கென்ட் தொலைக்காட்சி என்னும் தனியார் நிலையத்தில் இறுதிப் பருவத்தைக் கண்டது. இலங்கையிலே தொலைக்காட்சி தோன்றியது 1979 இலாதலின், இந்நாட்டு வாசகர் மிகப் பலர் இதனை அக்காலத்திற் கண்டிரார். ஆதலின் இதன் அமைப்பைச் சற்று விரித்துக் கூறுதல் வேண்டும்.

பிரித்தானிய நகைச்சுவை இரு கால்வழிகளை உடையது. ஒன்று துணுக்கு. 1852 இல் இலண்டனின் தென்கரையிலுள்ள இலம்பெத் பகுதியில் சாள்ஸ் மோட்டன் என்பார் கன்ரபரி மண்டபத்தைத் திறந்ததிலிருந்து பல்கிய ‘மியூசிக் ஹோல்’ என்னும் இசைமண்டபங்களிலே, பாடகன் ஒருவன் வந்து போவான். பின் விகடகவி ஒருவன் வருவான். அவன் பின் கழைக்கூத்தாடி வருவான். ஒன்றற்கும் மற்றொன்றற்கும் தொடர்பு வேண்டியதில்லை. வானொலி தோன்றியபோது இம்முறையே அங்கும் குடிபுகுந்தது. மற்றொன்று கதை. குறித்த சில மாந்தர் குறித்த ஓரிடத்தில் வாழ்வர். கிழமைதோறும் ஒரு சிக்கலில் அகப்பட்டு மீள்வர். இதனைச் சூழ்நிலை நகைச்சுவை என்பர். தொலைக்காட்சியில் இவ்வகைக்கு முதலாவதெனப் பலராலும் கொள்ளப்படும் ‘பின்றைற்றின் முன்னேற்றம்’ 1946 - 47 இல் பீ.பீ.சி.யில் ஒளிபரப்பாயிற்று. யேம்ஸ் ஹெய்ற்றர் கடையொன்றின் உரிமையாளராக நடித்தார். அதன் பத்து நிகழ்ச்சிகளும் நேரடியாக நடிக்கப்பட்டுக் காற்றோடு கலந்தன. இன்று எஞ்சியவை புகைப்படங்கள் மட்டுமே.

இவ்விரு வழிகளும் முதலிற் கலந்தே ஓடின. பிராங்க் மியூர், டெனிஸ் நோர்டன் என்போர் எழுதி 1948 முதல் 1960 வரை ஒலிபரப்பான வானொலி நிகழ்ச்சி ஒன்றிலே பாடல்களுக்கும் துணுக்குகளுக்கும் இடையே 1953 முதல் ‘குளம் குடும்பம்’ என்னும் பகுதி இடம்பெற்றது. மதுச்சாலையில் அமர்ந்து தன் மகன் இறொன், அவனுக்கு நிச்சயிக்கப்பட்ட பெண் எத் என்போரைப் பற்றித் தந்தை கதை அளப்பதாக அது அமையும். நேயர்கள் ஏனைய பகுதிகளினும் பார்க்க அதனையே விரும்பினர் என்றால், துணுக்கின் வயிற்றிலிருந்தே கதை பிறந்ததெனலாம். மறு ஆண்டு, அஃதாவது 1954 நவம்பரில், றே கோல்ரன், அலன் சிம்சன் என்னும் இரு இளம் எழுத்தாளர் நடிகர் ரோனி ஹான்கொக்குக்காக எழுதிய அரைமணி நிகழ்ச்சி வானொலியில் வந்தது. பாட்டுமில்லை, தொடர்பற்ற துணுக்குமில்லை. முப்பது நிமிடமும் ஒரே கதை என்பது அவர்தம் கொள்கை. 1956 இல் அது தொலைக்காட்சிக்கும் வந்தது. 1962 இல் அவர்களே எழுதிய ‘ஸ்ரெப்ரோவும் மகனும்’ என்னும் தொடர், பழம்பொருள் வாங்கி விற்கும் தந்தை மகன் இருவரின் மனக்கசப்பை ஒரு நாடகாசிரியனுக்குரிய ஆழத்தோடு காட்டிற்று. அன்று முதல் இரு வழிகளுக்கும் இடையே மதில் எழுந்தது. கதை எழுதுவோர் துணுக்கைத் தாழ்வாக எண்ணினர். துணுக்கு எழுதுவோர் கதையைப் பழமை என்றனர்.

மதிலின் துணுக்குப் பக்கத்திற் பிறந்தவர்களே குடீஸ் மூவரும். மூவரும் கேம்பிறிட்ச் பல்கலைக்கழக மாணவர். ஆங்கே ‘பூற்லைற்ஸ்’ என்னும் நாடகக் கழகத்தில் நகைச்சுவை பயின்றவர். கார்டன் மருத்துவமும் கற்றுத் தேறியவர். 1963 இல் அக்கழகம் மேடையேற்றிய நிகழ்ச்சியில் புறூக்-ரெயிலரும் ஒடியும் யோன் கிளீஸ் என்பாருடன் சேர்ந்து நடித்தனர். அதிலிருந்து கிளைத்த வானொலி நிகழ்ச்சி 1964 முதல் 1973 வரை நடந்தது. துணுக்குகள் பல முன்னே வர, இறுதியில் நீண்ட கேலி நாடகம் ஒன்று வருவது அதன் வழக்கம். பின்னர் மொன்ரி பைதன் என உலகப் புகழ் பெற்ற குழுவினரும் குடீஸ் மூவரும் இங்ஙனம் ஒரே நாற்றங்காலில் முளைத்த பயிர்கள். 1969 அக்டோபர் 5 இல் பைதன் தொடர் தொடங்கியது. ஓராண்டும் ஒரு மாதமும் கழித்துக் குடீஸ் தொடங்கிற்று. முன்னையது துணுக்குகளுக்கு முடிவே வேண்டாமென விதியை உடைத்தது. பின்னையது துணுக்குகளை ஒரு கதையின் நாரிலே தொடுத்தது.

அதன் அமைப்பு எளிது. இலண்டனின் கிறிக்கிள்வூட் பகுதியில் ஓர் அலுவலகத்திலே மூன்று நண்பர் வாழ்கின்றனர். எந்த வேலையையும் எந்த நேரத்திலும் செய்து தருவோம் என்பது அவர்தம் விளம்பரம். மூவர் ஒருங்கே அமர்ந்து மிதிக்கும் துவிச்சக்கரவண்டி ஒன்று அவர்களது வாகனம். நடிகர் பெயர்களே பாத்திரங்களின் பெயர்கள். ரிம், பிரித்தானியக் கொடியையே மேலங்கியாகத் தைத்து அணிந்தவன். அரச பக்தியும் அச்சமும் ஒருங்கே மிக்கவன். கிறேயம், பெரிய கணினியோடு வாழும் விஞ்ஞானி; அறிவு மிகுந்து வெறியாகும் இயல்பினன். பில், தாடியும் கலைந்த தலையுமாக மேற்குடியினரை வெறுக்கும் சாமானியன். பேரரசை இழந்து, விஞ்ஞானத்தை நம்பி, தொழிலாளர் கிளர்ச்சிகளால் அலைப்புண்ட 1970 களின் பிரித்தானியாவை மூன்று உடல்களிற் பிரித்து வைத்தாற்போன்றது இவ்வமைப்பு. அவர்கள் சண்டையிடும்போதெல்லாம் ஒரு நாடே தன்னோடு தான் சண்டையிடக் காண்கிறோம்.

ஒரு நிகழ்ச்சியை எடுத்துக்கொள்வோம். 1967 இற் பிரித்தானியப் பாராளுமன்றம் கடலிலே கப்பல்களில் நின்று உரிமமின்றி ஒலிபரப்பிய வானொலி நிலையங்களைத் தடுக்கச் சட்டம் இயற்றியது. அவ்வாண்டு செப்டெம்பரில் பீ.பீ.சி. தானே இளைஞருக்கென ஓர் அலைவரிசையைத் திறந்தது. மூன்று ஆண்டுகள் கழித்து, 1970 டிசம்பரில், குடீஸ் மூவரும் கடல் எல்லைக்கு அப்பாற் சென்று கள்ள வானொலி ஒன்றை நடத்துகின்றனர். அவர்களிடம் உள்ள இசைத்தட்டு ஒன்றே. அதனையே ஓயாது ஒலிபரப்புகின்றனர். இதுவரை இது துணுக்கு. ஆனால் கதை நிற்பதில்லை. வானொலி நடத்தலாமெனின் தபாற் கந்தோர் நடத்தலாகாதோ என்று கள்ளத் தபாற் சேவையும் தொடங்குகின்றனர். கிறேயத்துக்கு அதிகார வெறி தலைக்கேறுகிறது. ஈற்றில் அவன் பிரித்தானியத் தீவு முழுவதையும் கட்டி இழுத்துக் கடல் எல்லைக்கு அப்பாற் கொண்டுசெல்லத் திட்டமிடுகிறான். நாடே எல்லைக்கு வெளியே சென்றுவிட்டால் அதன் சட்டங்கள் யாரைக் கட்டுப்படுத்தும்? தனித்த துணுக்காக இக்கேள்வியை எழுப்பினால் ஒரு நிமிடச் சிரிப்போடு அது முடிந்திருக்கும். கதையின் ஏணியிற் படிப்படியாக ஏறி வந்தமையாலேயே அபத்தத்தின் உச்சி நியாயமானதுபோல் தோன்றுகிறது. இதுவே இக்கலப்பு வடிவத்தின் வலிமை.

நிகழ்ச்சியின் நடுவே பொய் விளம்பரங்கள் வருவதும் ஒரு சிறப்பு. பீ.பீ.சி. உரிமக் கட்டணத்தால் இயங்குவது, விளம்பரம் ஒளிபரப்பாதது. 1955 இல் தோன்றிய வணிகத் தொலைக்காட்சியிலேயே மக்கள் விளம்பரங்களைக் கண்டனர். விளம்பரமே வராத அலைவரிசையிற் சலவைத்தூள் விளம்பரத்தைக் கேலி செய்யும் துணுக்கு திடீரெனத் தோன்றினால் அதனைக் காண்போர் தாம் எந்நிலையத்தைப் பார்க்கிறோமென ஒருகணம் மயங்குவர். கதையை வெட்டும் துணுக்கே கதைக்குள் அடங்கிவிடும் நுட்பம் இது.

மூன்றாவது கூறாகிய படப்பிடிப்பு பற்றியும் கூறுதல் தகும். வெளிக்களக் காட்சிகள் முதலிற் படச்சுருளிற் பிடிக்கப்பட்டன. கமெராவை மெதுவாக ஓட்டி, பின் உரிய வேகத்தில் திரையிட்டு, மாந்தர் விரைந்தோடுவதாகக் காட்டும் பழைய ஊமைப்பட உத்தியும், ஒவ்வொரு சட்டகமாக நிறுத்தி எடுக்கும் உத்தியும் அவற்றிற் கையாளப்பட்டன. பஸ்ரர் கீற்றன் முதலியோர் 1920 களில் செய்த உடல்வித்தைகளைத் தொலைக்காட்சிக்கு மீட்டுக் கொணர்ந்தோர் இவர்களே என்றாலும் பிழையாகாது. இக்காட்சிகள் பின்னர்க் கலையகத்திலே பார்வையாளர் முன் திரையிடப்பட்டு அவர்தம் சிரிப்பொலி பதிவு செய்யப்பட்டது. எஞ்சிய கதைப்பகுதி அவர்முன் நடிக்கப்பட்டு ஒளிநாடாவிற் பதிவாயிற்று. செலவு மிக்க முறை இது. 1975 இல் வெளிவந்த ஒரு நிகழ்ச்சியில் வெளிக்களச் செலவுக்குப் பணமில்லாமற் போகவே, மூவரின் அலுவலகமும் கொங்கிறீற்றுக் கட்டிக்குள் புதையுண்டதாகக் கதை அமைத்து முழுவதையும் ஓரறைக்குள் நடித்தனர். 1977 டிசம்பரில் உலகம் அழிவதற்கு முந்திய அரைமணியை அதே அறைக்குள் அரைமணி நேரத்திலேயே காட்டினர். வண்டியுமில்லை, வித்தைப்படமுமில்லை, மூவரின் பேச்சு மட்டுமே. துணுக்குக்காரர் என இகழப்பட்டோர் கோல்ரன், சிம்சன் இட்ட விதிப்படியே எழுத வல்லவர் என்பதற்கு இவ்விரண்டும் போதிய சான்று.

இவர்களது நகை எள்ளலாகக் கூர்மை பெற்ற இடங்களும் உள. 1975 இல் வெளிவந்த தென்னாபிரிக்கா பற்றிய நிகழ்ச்சி அத்தகையது. அந்நாட்டுச் சுற்றுலாத்துறைக்கு விளம்பரம் செய்ய மூவரும் அமர்த்தப்படுகின்றனர். கறுப்பின மக்கள் யாவரும் நாட்டைவிட்டு நீங்கிவிட, ஒடுக்குவதற்கு ஆளின்றித் தவிக்கும் ஆட்சியாளர் நிறவொதுக்கலுக்குப் பதிலாக உயரவொதுக்கலைச் சட்டமாக்குகின்றனர். ஆங்கிலத்தில் அவ்விரு சொற்களும் ஏறத்தாழ ஒரேபோல் ஒலிப்பன. குட்டையனான பில்லும் பந்தயக் குதிரையோட்டிகளும் ஒதுக்கப்பட்டோராகின்றனர். நிறவொதுக்கல் என்பது எத்துணை அறிவற்ற அளவுகோல் என்பதை, அதனினும் அறிவற்ற வேறோர் அளவுகோலால் அளந்து காட்டினர். அதேவேளை, இத்தொடரின் வேறு சில நிகழ்ச்சிகளிலே நடிகர் முகத்தில் கருமை பூசித் தோன்றுகின்றனர். வெள்ளையர் கறுப்பராக வேடமிட்டுப் பாடும் நிகழ்ச்சியொன்றைப் பீ.பீ.சி. 1958 முதல் 1978 வரை நடத்திற்று. குடீஸ் 1977 இல் அதனைக் கேலி செய்தது உண்மை. ஆயினும் கேலி செய்வதற்கும் அதே கருமையைப் பூசவேண்டியிருந்தது என்பதும் உண்மை. இதனை மறைத்துப் புகழ்வது ஆராய்ச்சியாகாது.

இத்தகைய தொடர் எங்ஙனம் சிறுவர் விளையாட்டு என ஒதுக்கப்பட்டது? 1973 இல் மந்திர அவரைக்கொடிக் கதையைத் தழுவி எடுத்த சிறப்பு நிகழ்ச்சியிலே, பைதன் குழுவைச் சேர்ந்த யோன் கிளீஸ் பூதமாகச் சில கணம் தோன்றி, இது சிறுவர் நிகழ்ச்சி என இகழ்ந்துவிட்டு மறைகிறார். நண்பர்களுக்குள் நிகழ்ந்த பகிடி அது. ஆனால் அப்பகிடியையே பின்வந்த திறனாய்வாளர் பலர் தீர்ப்பாகக் கொண்டனர். பைதன் நிகழ்ச்சிகள் 1974 முதல் அமெரிக்காவில் ஒளிபரப்பாகி அங்கு பெரும்புகழ் ஈட்டின. குடீஸோ 1980 களின் பின் பீ.பீ.சி.யில் மறுஒளிபரப்புப் பெறுவது அரிதாயிற்று. காணாததை மக்கள் மறந்தனர். மறந்ததைத் திறனாய்வாளர் சிறிதெனக் கொண்டனர். அவுஸ்திரேலியாவில் நிலைமை வேறு. அந்நாட்டு அரச தொலைக்காட்சி இத்தொடரை மாலை வேளையில் மீண்டும் மீண்டும் காட்டியமையால் ஒரு தலைமுறையே அதனோடு வளர்ந்தது. 2005 இல் மூவரும் மீண்டும் மேடையேறியது அங்கேதான். நிகழ்ச்சி இரு நாடுகளிலும் ஒன்றே. புகழ் மட்டும் வேறுபட்டது.

புகழ் தவறிச் சேர்வதற்கு இன்னுமோர் எடுத்துக்காட்டு உண்டு. யோர்க்சயரைச் சேர்ந்த செல்வந்தர் நால்வர் அமர்ந்து, இளமையில் யார் மிகவும் வறுமைப்பட்டார் என்று ஒருவரையொருவர் விஞ்சிக் கதை சொல்லும் துணுக்கு உலகறிந்தது. அதனைப் பைதன் குழுவின் ஆக்கமென்றே பலர் இன்றும் கருதுவர். உண்மையில் அது 1967 இல் ஒரு வணிகத் தொலைக்காட்சித் தொடருக்காகப் புறூக்-ரெயிலர், கிளீஸ், கிறேயம் சப்மன், மாட்டி பெல்ட்மன் ஆகிய நால்வர் எழுதி நடித்தது. பைதன் குழுவினர் பிற்காலத்தில் அதனை மேடையில் நடித்துப் படமாகவும் வெளியிட்டனர். மூலத் தொடரின் நாடாக்களுட் பெரும்பகுதி அழிக்கப்பட்டு, நெடுங்காலம் காண்பாரற்றிருந்தது. ஆக, எழுதியவருள் ஒருவரின் பெயர் மக்கள் நினைவினின்றும் நழுவிற்று.

நாடாக்கள் ஏன் அழிக்கப்பட்டன என்பதற்குக் காரணம் பகைமையன்று. 1956 இல் அறிமுகமான ஒளிநாடா இரண்டு அங்குல அகலமுடையது, விலை மிக்கது. அழித்து மீண்டும் பயன்படுத்தத்தக்கது. நடிகர் சங்கத்தோடு செய்த உடன்படிக்கைகள் மறுஒளிபரப்பைக் கட்டுப்படுத்தின. வண்ண ஒளிபரப்பு வந்தபின் கறுப்பு வெள்ளை நாடாக்களுக்குச் சந்தை குன்றிற்று. வீட்டில் நாடா வைத்துப் பார்க்கும் காலம் வருமென எவரும் எண்ணவில்லை. ஒளிபரப்பானதும் நிகழ்ச்சியின் பயன் முடிந்ததென்பது அக்காலக் கணக்காளரின் முடிவு. பீ.பீ.சி. முறையான காப்பகக் கொள்கை வகுத்தது 1970 களின் இறுதியிலேயே. ஹான்கொக்கின் 1956 ஆம் ஆண்டுத் தொலைக்காட்சிப் பருவம் முழுவதும் அதற்குள் மறைந்துவிட்டது. 1968 - 69 இல் புறூக்-ரெயிலரும் கார்டனும் நடித்து, இரண்டாம் பருவத்தில் ஒடியும் சேர்ந்த துணுக்குத் தொடர் ஒன்று குடீஸுக்கு நேர் முன்னோடி. அதிலும் சில துண்டுகளே தப்பின. துணுக்கு எவ்வாறு கதையாக வளர்ந்ததென்று காட்டவேண்டிய கண்ணியே இவ்வாறு அறுந்து கிடக்கிறது. நாடகங்கள் பலவும் அழிந்தன எனினும், நகைச்சுவையைக் காக்கத் தகுந்ததென எண்ணுவோர் நாடகத்தைக் காக்க எண்ணியோரினும் குறைவாகவே இருந்தனர்.

வடிவம் மட்டும் அழிந்திலது. 1982 நவம்பரில் அதே இரண்டாம் அலைவரிசையில் ‘இளையோர்’ என்னும் பொருள்பட்ட பெயருடன் வேறொரு தொடர் தொடங்கியது. குப்பை நிறைந்த வீடொன்றில் நான்கு மாணவர் வாழும் கதை. நடுநடுவே தொடர்பற்ற துணுக்குகள். கூடவே இசைக்குழுவொன்றின் பாடல். பாடல் இருந்தமையால் நிலையம் அதனைப் பல்சுவை நிகழ்ச்சியாகக் கணக்கிட்டுக் கூடுதற் பணம் ஒதுக்கிற்று. 1954 இல் கோல்ரனும் சிம்சனும் வெளியே அனுப்பிய பாட்டு, பணப்பையோடு திரும்பி வந்தது எனலாம். புதிய தலைமுறையின் புரட்சி எனப் போற்றப்பட்ட இத்தொடரின் எலும்புக்கூடு, ஒரு வீடு, சண்டையிடும் நண்பர், கதையை உடைக்கும் துணுக்கு என்னும் மூன்றுமே, கிறிக்கிள்வூட் அலுவலகத்திலிருந்து வந்தது என்பதை அக்காலத்து விமரிசகர் சிலரே குறிப்பிட்டனர்.

குடீஸ் நிகழ்ச்சிகளுட் புகழ் மிக்கது பூனைக்குட்டியின் கதை. கிறேயத்தின் ஊட்டவுணவை உண்ட வெண்ணிறக் குட்டியொன்று மலைபோல் வளர்ந்து இலண்டன் வீதிகளில் உலாவுகிறது. 1965 இல் திறக்கப்பட்டு நாட்டின் புதுமைக்கே அடையாளமாகக் கருதப்பட்ட தபாற் கோபுரத்தைச் சாய்த்துவிடுகிறது. சிறிய உருமாதிரிகளுக்கிடையே உண்மைப் பூனைக்குட்டியை நடமாட விட்டு எடுத்த காட்சி அது. 1971 நவம்பர் 12 இல் இது முதலில் ஒளிபரப்பாயிற்று. சுவிற்சர்லாந்தின் மொந்திரோ நகரில் நடைபெறும் தொலைக்காட்சி விழாவுக்கென 1972 இற் புதிதாகச் செப்பனிடப்பட்ட வடிவம் அவ்விழாவில் வெள்ளி றோசா விருதைப் பெற்றது. புறூக்-ரெயிலர் 2020 ஏப்ரல் 12 இல் கொரோனா நோயினாற் காலமானபோது உலகெங்கும் செய்தி நிலையங்கள் காட்டிய படங்களுள் கோபுரத்தைச் சாய்க்கும் அப்பூனைக்குட்டியும் ஒன்று. பீ.பீ.சி. காலத்து நிகழ்ச்சிகள் 2018 இல் ஒரே தொகுதியாக இறுவட்டுகளில் வெளிவந்தன. அத்தொகுதியில் உள்ளது மொந்திரோ வடிவமே. முதலில் ஒளிபரப்பான வடிவத்தின் நாடா அழிக்கப்பட்டுவிட்டது.